வீடு வீடாகத் தலை எண்ணிய 29 ஆண்டுகள்

1994-ல் தருமபுரி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்தேன். பென்னாகரம் பக்கத்தில் ஒரு துணை சுகாதார நிலையம். ஒற்றை அறை, பின்னால் அடுப்பு வைக்க ஒரு மூலை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு செவிலியர், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒருவர் என்பது அரசுக் கணக்கு. என் பொறுப்பில் இருந்த 5,000 பேரும் ஒரே ஊரில் இல்லை. ஏழு ஊர். அது போக நிலத்துக்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொட்டாய்கள். காட்டோடு வீடு கட்டிக் குடியிருப்பதை எங்கள் பக்கம் கொட்டாய் என்றுதான் சொல்வோம்.

எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த அக்கா சாவியோடு ஒரு காவிக்கட்டியையும் கொடுத்தார். "மொதல்ல வீட்டுக்கெல்லாம் நம்பர் போடு பாப்பா. ஊர்ல ஆரம்பிக்காத. கடைசிக் கொட்டாயில ஆரம்பிச்சு ஊருக்குள்ள வா" என்றார். அன்றைக்கு அது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. நடக்க ஆரம்பித்த பிறகு புரிந்தது. ஊரில் தொடங்கினால் கொட்டாய்க்குப் போவதற்குள் வெயில் ஏறிவிடும், கால் ஓய்ந்துவிடும். அங்கே இருப்பவர்களைப் பக்கத்து வீட்டில் விசாரித்தே எழுதிவிடலாம் என்று மனது சொல்லும். அப்படி எழுதிய பக்கங்களில்தான் தப்பு வரும். தடுப்பூசி போடாத குழந்தை, பதிவு செய்யாத கர்ப்பிணி, காசநோயோடு இருமிக்கொண்டிருக்கும் தாத்தா எல்லாரும் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கொட்டாயில்தான் இருந்தார்கள். 2023-ல் ஓய்வு பெறும்வரை நான் இந்த வரிசையை மாற்றவே இல்லை.

ஒரு மாவட்டத்தின் ஆரோக்கியம் என்று பேசும்போது விகிதம், சதவீதம் என்று பெரிய எண்களைச் சொல்கிறோம். 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் மக்கள்தொகை 15,06,843. அதில் நூற்றுக்கு 80 பேருக்கும் மேல் கிராமத்தில் இருப்பவர்கள். அந்த எண்களெல்லாம் யாரோ ஒருவர் ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்ட கேள்வியிலிருந்து வந்தவை. கேள்வி சரியில்லை என்றால் எண்ணும் சரியிருக்காது. இதை நான் தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டேன்.

முதல் இரண்டு வருடம் "உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?" என்று கேட்டு எழுதினேன். "ரெண்டு" என்பார்கள். எழுதிக்கொண்டு போய்விடுவேன். ஒரு நாள் ஓர் அம்மா தானாகவே, "இருக்கறதக் கேக்கறீங்களா, பெத்ததக் கேக்கறீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். அவர் பெற்றது ஐந்து. இருப்பது இரண்டு. அதற்கு அப்புறம் என் கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். எத்தனை தடவை கர்ப்பமானீங்க? எத்தனை பிறந்துச்சு? இப்போ எத்தனை இருக்கு? மூன்றுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தில்தான் அந்த வீட்டின் கதை முழுக்க இருக்கும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இந்த மூன்றையும் கேட்கக் கூடாது. கிணற்றடியிலோ, களத்திலோ, அந்தப் பெண் தனியாக இருக்கும்போது கேட்க வேண்டும்.

இனி எழுதப்போவது சுலபமாக எழுதக்கூடியது இல்லை. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் இரண்டாவதாகப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் போய் ஸ்பிரிங் தராசில் எடை பார்த்தேன். இரண்டே முக்கால் கிலோ. நன்றாகப் பால் குடித்தது, நன்றாக அழுதது. ஒன்பதாம் நாள் மறுபடி போனபோது விட்டத்தில் கட்டியிருந்த சேலைத் தூளி இல்லை. அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாமியார்தான் வாசலுக்கு வந்தார். "பால் பொரையேறிடுச்சு நர்சம்மா" என்றார். நானும் பதிவேட்டில் இறப்புக் காரணம் என்ற இடத்தில் அதையே எழுதினேன்.

வருடக் கடைசியில் அறிக்கை தயாரிக்கும்போது ஒரு காரியம் செய்தேன். பதிவேட்டை எப்போதும் குறுக்காகத்தான் படிப்போம், ஒரு குடும்பத்தை ஒரு வரியாக. அன்றைக்கு மேலிருந்து கீழாக, ஒவ்வொரு கட்டமாகப் படித்துக்கொண்டு வந்தேன். பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்த குழந்தைகளில் காரணம் தெளிவில்லாதவை மூன்று. மூன்றும் பெண். மூன்றும் நல்ல எடையோடு பிறந்தவை. மூன்று வீட்டிலும் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தது. தனித்தனி வரியாக எழுதும்போது என் கண்ணில் படாதது நெடுக்காகப் பார்த்தபோது எழுந்து நின்றது. அன்று இரவு தூங்கவில்லை. அந்த மூன்று வரியையும் எழுதியது என் கைதான்.

அதிலிருந்து பதிவேட்டை மாதம் ஒரு முறை நெடுக்காகப் படிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான். இப்போது எல்லாம் கைப்பேசிச் செயலியில் ஏறுகிறது. ஒரு வீட்டைப் பதிவு செய்தால் அடுத்த வீடு வந்துவிடும், நெடுக்காகப் பார்க்க வழியே இருக்காது. அதனால் ஒரு நோட்டில் கோடு போட்டுப் பிறப்பு, இறப்பு, பெண்ணா ஆணா, எத்தனையாவது குழந்தை என்று நான்கு கட்டமாவது கையால் எழுதி வையுங்கள்.

அந்த நாட்களில் தருமபுரி, சேலம், மதுரை மாவட்டங்களின் பெயர் பெண் சிசுக்கொலைக்காகவே நாடு முழுக்க அடிபட்டது. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2001-ல் எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. வேண்டாம் என்றால் கொல்லாதீர்கள், அரசுத் தொட்டிலில் விட்டுவிடுங்கள் என்பதுதான் அதன் அடிப்படை. பெற்றவர்களைக் குழந்தையைக் கைவிடச் சொல்வதா என்று அதைப் பற்றிக் கேள்விகள் வந்தன. அந்தக் கேள்விகளில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒன்பதாம் நாள் தூளி இல்லாத வீட்டைப் பார்த்தவளாகச் சொல்கிறேன், அந்தத் தொட்டில் தேவைப்பட்டது.

களத்தில் எனக்குக் கைகொடுத்த வழி வேறு. முதல் குழந்தை பெண்ணாக உள்ள வீட்டில் அடுத்த கர்ப்பம் என்றால், பிரசவத்துக்கு முன்பே மாமியாரைப் பிடித்துக்கொள்வேன். திட்டவோ மிரட்டவோ மாட்டேன். "எடை பாக்கறப்ப தராசுக் கொக்கிய நீங்கதான் பிடிக்கணும்மா, எனக்குக் கை எட்டாது" என்பேன். குழந்தை பிறந்து முதல் பத்து நாளில் மூன்று நான்கு முறையாவது போவேன். கையில் ஏதாவது ஒரு காரணம் இருக்கும். தொப்புள் பார்க்கணும், தாய்க்கு மாத்திரை கொடுக்கணும். ஒவ்வொரு தடவையும் கிழவி கொக்கியைப் பிடிப்பார், எடை ஏறியதா என்று அவரே எட்டிப் பார்ப்பார். பத்து நாள் கையில் தூக்கிய குழந்தையை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று நம்பினேன். என் பகுதியில் அந்த நம்பிக்கை பெரும்பாலும் பலித்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஊர் ஊராக நடந்த கலைப்பயணமும் பெரிய உதவி. வீட்டுக்குள் வாய் திறக்க முடியாத விஷயத்தை நடுத்தெருவில் பாட்டாகவும் கூத்தாகவும் ஆடிக் காட்டினார்கள். மறுநாள் நான் போய் அதைப் பற்றிப் பேச முடிந்தது.

2001 கணக்கெடுப்பு வந்தது. ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆணுக்கு எங்கள் மாவட்டத்தில் 869 பெண். மாநிலம் முழுக்கச் சேர்த்து 942. 2011-ல் தருமபுரி 913-க்கு ஏறியது, மாநிலம் 943. எண் ஏறியது உண்மை, சந்தோஷப்பட வேண்டியது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2001-ல் எண்ணிய தருமபுரியில் கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் அடக்கம். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் போய்விட்டது. பெயர் ஒன்றாக இருந்தாலும் எண்ணிய நிலம் வேறு. எந்த மாவட்டத்தின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடும் முன் எல்லை மாறியதா என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, இந்த 1,000-க்கு இத்தனை என்ற விகிதத்தைச் சின்ன ஊருக்கு வைத்துப் பேசக் கூடாது. ஒரு துணை நிலையத்தில் வருடத்துக்கு 60 குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 34 ஆண், 26 பெண் என்றால் 1,000-க்கு 765. எல்லாரும் பதறுவார்கள். அதே 60-ல் இரண்டு குழந்தை மாறி 32 ஆண், 28 பெண் என்றால் 875. இரண்டே குழந்தை, அவ்வளவு பெரிய ஏற்ற இறக்கம். ஒரு வருட எண்ணைப் பார்த்து ஒரு ஊரையே குற்றம் சொல்வதும், அடுத்த வருட எண்ணைப் பார்த்துப் பாராட்டு விழா நடத்துவதும் தப்பு. ஐந்து வருடத்தைச் சேர்த்துக் கூட்டுங்கள். அதைவிட, எத்தனையாவது குழந்தை என்று பிரித்துப் பாருங்கள். இயற்கையாக 1,000 ஆணுக்கு 950 பெண் அளவில் பிறக்கும். முதல் குழந்தையில் இது ஏறக்குறைய சரியாக இருந்து, முதல் குழந்தை பெண்ணாக உள்ள வீடுகளில் மட்டும் இரண்டாவது, மூன்றாவது எல்லாம் ஆணாகவே வந்துகொண்டிருந்தால் அங்கே இயற்கை இல்லை, ஸ்கேன் இருக்கிறது.

ஆமாம், பிறந்த பிறகு நடந்தது பிறக்கும் முன்பே என்று மாறியது. கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது, 1996-ல் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் எங்கள் மாவட்டத்தில் கைக்கு அடக்கமான ஸ்கேன் கருவியை வீட்டுக்கே கொண்டுவந்து பார்த்துச் சொன்ன கும்பல்கள் பிடிபட்ட செய்திகளைச் சமீப ஆண்டுகளிலும் படித்திருப்பீர்கள். போலீஸ் பிடிப்பதற்கு முன்பே அது செவிலியரின் நோட்டில் தெரியும். எப்படி என்றால், 10 வாரத்தில் பதிவு செய்த பெண், மூத்தது பெண் குழந்தை, நான்காம் மாதம் திடீரென்று கண்ணில் படமாட்டாள். "அக்கா வீட்டுக்குப் போயிருக்கா" என்பார்கள். அப்புறம் "தானா கலைஞ்சுடுச்சு" என்பார்கள். கரு கலைவது சகஜம்தான், ஆனால் தானாகக் கலைவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். அதற்குப் பிறகு, அதுவும் பெண் குழந்தை உள்ள வீடுகளிலேயே திரும்பத் திரும்ப வந்தால் அதை ஒரு கட்டத்தில் குறித்து வட்டார மருத்துவ அலுவலரிடம் காட்ட வேண்டும். அந்தப் பெண்ணைக் குற்றவாளியாக நடத்தாதீர்கள். பெரும்பாலும் அவளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். ரத்தம் போய், காய்ச்சலோடு படுத்திருக்கும் அவளை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இதோடு சேர்ந்த இன்னொரு கேள்வி, "அழுதுச்சா?" குழந்தை செத்துப் பிறந்தது என்றால் அது சிசு மரணக் கணக்கில் வராது. ஒரு நிமிடம் மூச்சுவிட்டு இறந்திருந்தால் வரும். சிசு மரணம் என்றால் தணிக்கை, விளக்கம், கூட்டத்தில் எழுந்து நிற்பது எல்லாம் உண்டு. அதனால் மூச்சுவிட்ட குழந்தையும் "செத்துப் பிறந்தது" என்று எழுதப்பட்டுவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1,000 குழந்தைக்கு 2005-ல் 37 ஆக இருந்த சிசு மரணம் 2020-ல் 13 ஆகக் குறைந்தது. இது பெரிய சாதனை, அதில் எங்கள் கால்களும் உண்டு. அந்த எண் நிஜமாகவே அவ்வளவுதான் என்று நாம் நம்ப வேண்டுமானால் தாயிடமும், கூட இருந்த பெண்களிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். கை கால் ஆட்டியதா, அழுததா, மூச்சு இருந்ததா. கேட்பது கஷ்டம். நான் கேட்டபோது பல அம்மாக்கள் அழுதார்கள். ஆனால் ஒருவர்கூட ஏன் கேட்டாய் என்று கோபித்துக்கொள்ளவில்லை. தன் குழந்தை பிறந்தது, இருந்தது என்று ஒரு தாளில் எழுதப்படுவதை அவர்கள் விரும்பினார்கள்.

எனக்குப் பேச்சு வாங்கிக் கொடுத்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருடத்தில் எத்தனை கர்ப்பிணி வரவேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் இலக்கு வரும். மக்கள்தொகையைப் பிறப்பு விகிதத்தால் பெருக்கி, கலைவதற்காக நூற்றுக்குப் பத்து கூட்டுவார்கள். 5,000 பேர், 1,000-க்கு 20 பிறப்பு என்றால் 100 பிரசவம், 110 கர்ப்பிணி. எளிமையான கணக்கு. ஆனால் கீழே வைக்கும் அந்த 5,000 நிஜமா என்று யாரும் கேட்பதில்லை. 2011 கணக்கெடுப்புக்குப் பிறகு நடக்க வேண்டிய 2021 கணக்கெடுப்பு தள்ளிப்போனது. பழைய எண்ணை வைத்துக் கொஞ்சம் கூட்டிக் கூட்டித்தான் இலக்கு போட்டார்கள். இங்கே நிலைமை என்ன? மழை இல்லை, கிணறு வற்றியது, இளம் தம்பதிகள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கும் போய்விட்டார்கள். ஊரில் இருந்தது கிழவன் கிழவிகளும் பேரக்குழந்தைகளும்தான்.

ஒரு மாதாந்திரக் கூட்டத்தில் மேலதிகாரி ஒருவர் என்னை எழுப்பி நிறுத்தி, "உங்க ஏரியாவுல மட்டும் கர்ப்பிணியே இல்லையா? வீட்டுக்கு வீடு போறீங்களா இல்லையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். திட்டுக்குப் பயந்து எண்ணைக் கூட்டி எழுதலாம். அப்படி எழுதினால் இல்லாத கர்ப்பிணிக்கு இல்லாத ஊசியும் எழுத வேண்டும், கடைசியில் இல்லாத குழந்தையும் பிறக்க வேண்டும். ஒரு பொய் எண் ஒன்பது பொய் எண்களைப் பெறும்.

அதனால் அந்தப் பொங்கலுக்கு விடுமுறை எடுக்காமல் மூன்று நாள் நடந்தேன். ஏன் பொங்கல் என்றால் அப்போதுதான் எல்லாரும் ஊரில் இருப்பார்கள். ஆடிப்பெருக்குக்கும் வருவார்கள், ஒகேனக்கல் போகிற நாள் அது. ஒவ்வொரு வீட்டிலும் ஆட்களை மூன்றாகப் பிரித்து எழுதினேன். இங்கேயே இருப்பவர், வந்து வந்து போகிறவர், குடியே போய்விட்டவர். குழந்தை பெறும் வயதுள்ள தம்பதிகளில் பெரும்பகுதி இரண்டாவது, மூன்றாவது கட்டத்தில் விழுந்தார்கள். அதை ஒரே தாளில் எழுதி, வீட்டு எண்ணோடு அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். நம்பாவிட்டால் எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றேன். வந்து பார்த்தார்கள். அதன் பிறகு எண்ணிக்கைக்காக என்னை யாரும் நிற்க வைக்கவில்லை.

வந்து வந்து போகிறவர்கள் என்ற அந்த நடுக் கட்டம்தான் ரொம்ப முக்கியம். அவர்கள் அங்கேயும் எண்ணப்பட மாட்டார்கள், இங்கேயும் எண்ணப்பட மாட்டார்கள். பெங்களூரில் கட்டடம் நடக்கும் இடத்திலேயே தகரக் கொட்டகையில் தங்கியிருப்பார்கள். குழந்தைக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போட வேண்டிய நேரத்தில் அங்கே இருப்பார்கள், ஊருக்கு வரும்போது நாள் தவறியிருக்கும். இவர்களுக்காக மூன்று விஷயம் செய்தேன். தாய் சேய் அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையோடு கொண்டுபோகச் சொல்வேன், பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. கொண்டுபோகிற மேஸ்திரியின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்வேன், ஏனென்றால் இவர்கள் நம்பர் மாறும், மேஸ்திரி நம்பர் மாறாது. பொங்கல், ஆடி இரண்டுக்கும் மறுநாளே கூடுதல் தடுப்பூசி முகாம் கேட்டு வாங்குவேன். புதன்கிழமை தடுப்பூசி நாள்வரை அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கமும் கணக்கைக் குழப்பும். கர்ப்பம் இங்கே பதிவு, பிரசவம் அங்கே, குழந்தை ஐந்தாம் மாதம் திரும்பி வரும். இரண்டு பக்கச் செவிலியரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தால் அந்த ஐந்து மாதம் தாயும் குழந்தையும் யார் கையிலும் இல்லை. இப்போது ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அரசுக் கணினிப் பதிவில் கொடுக்கும் பிக்மி எண் வந்தபிறகு இது பெருமளவு சரியாகிவிட்டது. பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் வேண்டும் என்பதால் யாரும் விடுவதில்லை. அந்தக் காலத்தில் அஞ்சலட்டைதான். அந்தப் பக்கத்துச் செவிலியருக்கு "இன்னார் மருமகள் வருகிறாள், ரத்தம் கம்மி, கவனி அக்கா" என்று எழுதிப் போடுவேன்.

பதிவுக்கே வராத கர்ப்பங்கள் இப்போதும் உண்டு. அவை பெரும்பாலும் சின்ன வயசுப் பெண்கள். குழந்தைத் திருமணம் எங்கள் மாவட்டத்தின் இன்னும் ஆறாத புண். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதி 1987-ல் 300 ரூபாயில் தொடங்கி 2018-ல் 18,000 ஆனது. அந்தப் பணத்துக்காகவே பெண்கள் 12 வாரத்துக்குள் பதிவுக்கு வந்தார்கள். நல்லதுதான். ஆனால் அதற்கு வயது 19 ஆகியிருக்க வேண்டும். 16, 17 வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவளுக்குப் பணமும் கிடையாது. 18-க்குக் கீழே கர்ப்பமாக வந்தால் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், மாப்பிள்ளை உள்ளே போவான். அதனால் மறைப்பார்கள். எட்டாம் மாதம் கை கால் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறி, ஒரே நேரத்தில் எல்லா ஆபத்தோடும் வந்து நிற்பாள். வயதைக் கூட்டிச் சொல்வார்கள். சட்டம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கர்ப்பமான பிறகு பிடிக்கிற சட்டத்தைவிடக் கல்யாணத்துக்கு முன்பு பிடிக்கிற கண் வேண்டும்.

அந்தக் கண் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியரைப் பார்த்து, எட்டாவது, பத்தாவது முடித்துவிட்டு அடுத்த வகுப்புக்கு வராத பெண் பிள்ளைகளின் பட்டியலை வாங்குவேன். ஒவ்வொரு வீட்டுக்கும் சும்மா இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிற மாதிரி போவேன். வீட்டுக்கு வெள்ளை அடித்திருக்கிறார்களா, பந்தக்கால் மூங்கில் வந்து இறங்கியிருக்கிறதா என்று கண் தானாகப் பார்க்கும். சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்வேன். பெயர் சொல்ல வேண்டியதில்லை. சில கல்யாணங்கள் நின்றன. சில, வேறு ஊர்க் கோவிலில் விடியற்காலை நடந்து முடிந்தன. அந்தப் பெண்களில் ஒருத்தி பதினேழு வயதில் குழந்தையோடு என் முன்னால் உட்கார்ந்து, "நீங்க வந்தன்னிக்கே சொல்லியிருப்பேன், அப்பா கூட நின்னாரு" என்றாள். பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும் என்பதை அதற்குப் பிறகு நான் மறக்கவில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் கெடுதல். பல ஆழ்துளைக் கிணறுகளில் அதைத் தாண்டியிருந்தது. பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கோடு. ஐம்பது வயதில் முதுகு வளைந்து, கால் விலகி, உட்கார்ந்தால் எழ முடியாத பெரியவர்கள். அதை எல்லாரும் "வயசான வலி" என்றே சொன்னார்கள், நானும் வலி மாத்திரைதான் கொடுத்தேன். 2013 மே மாதம் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிக் காவிரித் தண்ணீர் வந்தது. நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகும் சின்ன வயதில்தான் கறை விழும். அதனால் சில வருடம் கழித்துப் பள்ளிப் பரிசோதனைக்குப் போனபோது ஒரே வீட்டில் அண்ணனுக்குப் பழுப்புப் பல்லும் தங்கைக்கு வெள்ளைப் பல்லும் இருந்ததைப் பார்த்தேன். மருந்து மாத்திரை எதுவும் இல்லாமல் குழாய்த் தண்ணீர் மட்டும் செய்த வேலை அது.

ஆனால் காவிரித் தண்ணீர் வராத நாளில் போர்த் தண்ணீரையே குடிப்பார்கள். "எந்தத் தண்ணி குடிக்கறீங்க?" என்றால் "ஒகேனக்கல்" என்பார்கள். "சோறு, களி எந்தத் தண்ணியில?" என்றால் "போர்ல" என்பார்கள். களி கிண்டும் தண்ணீரும் வயிற்றுக்குத்தான் போகிறது. காய்ச்சிக் குடித்தால் சரியாகும் என்றும் பலர் நம்புகிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் அடர்த்தியாகும். குடிக்கவும் சமைக்கவும் ஒரே குடத்துத் தண்ணீர் என்று பழக்க வேண்டும்.

கடைசிப் பத்து வருடத்தில் என் பையே மாறிவிட்டது. 94-ல் தடுப்பு மருந்தும் காப்பர் டியும் ஆணுறையும் நிறைந்திருந்த பையில் இப்போது சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள். 40 குழந்தைகள் சத்தம் போட்ட பால்வாடியில் பதினொரு குழந்தை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பெரியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற முடியாதவருக்குத்தான் தெரியும். ஆனாலும் மாத்திரையைக் கையில் கொடுப்பதோடு நிறுத்தக் கூடாது, பழைய அட்டையைத் திருப்பிப் பார்த்து எண்ண வேண்டும். தனியாக இருக்கும் பெரியவர்கள் ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதத்துக்கு இழுப்பார்கள், தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில். யாரோடு இருக்கிறார், ராத்திரி யார் பக்கத்தில் என்று கேட்டு எழுதுங்கள். எந்தப் படிவத்திலும் அந்தக் கட்டம் இல்லை. நான் பென்சிலால் ஓரத்தில் "த" என்று போட்டு வைப்பேன். தனி என்று அர்த்தம். வேலையின் கடைசி வருடத்தில் என் நோட்டின் ஓரம் முழுக்க "த" ஆகவே இருந்தது.

ஓய்வு பெறும் வாரம், புதிதாக வந்த பெண்ணிடம் எல்லாப் பதிவேட்டையும் ஒப்படைத்தேன். அரசுக் கணக்கில் வராத என் கோடு போட்ட நோட்டையும் கொடுத்தேன். "இதுக்குக் கையெழுத்துப் போடணுமா மேடம்?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வண்டியில் ஏறிக் கடைசிக் கொட்டாய்க்குப் போனோம். அங்கிருந்து ஊரை நோக்கி வரும்போது மூன்று வீட்டைக் காட்டினேன். ஒன்றில் இரண்டு பெண் குழந்தைக்குப் பிறகு மூன்றாவது கர்ப்பம், மூன்று மாதம் ஆகிறது, அடுத்த ஒரு மாதம் வாரா வாரம் போகணும். இன்னொன்றில் பத்தாவது முடித்த பிள்ளை பதினொன்றில் சேரவில்லை, அத்தை மகன் ஓசூரிலிருந்து அடிக்கடி வருகிறான். மூன்றாவதில் தாத்தா, ஓரத்தில் "த" போட்டிருக்கும். கால் விரலில் புண். காட்ட மாட்டார், செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்க்கணும்.

அவள் மூன்றையும் கைப்பேசியில் தட்டப் போனாள். அப்புறம் பேனாவை எடுத்து நோட்டில் எழுதிக்கொண்டாள்.